சிடுமூஞ்சி ஆர்ட்வார்க் தாத்தாவை நடக்க வைப்பது எப்படி? கடதாசி அசைபடத்துக்கு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கடதாசியில் வெட்டிய பாவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் கைபேசியால் படம் பிடித்துக் குட்டி அசைபடங்கள் எடுத்து வருகிறேன். ஆப்பிரிக்கப் புல்வெளி விலங்குகளுக்கு நடுவே வாழும் ஒரு கிழட்டு ஆர்ட்வார்க், எந்நேரமும் சிடுசிடுக்கும் ஒரு தாத்தா: எங்களிடம் அதிகம் கேட்கப்படும் பாத்திரம் அவர்தான். புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவதும் அவரிடம்தான்.

கீழே உள்ளபடி செய்தால் 45 வினாடி ஓடும் ஒரு படம் கிடைக்கும். இரண்டு பேர், ஒரு கைபேசி, நான்கு நாட்கள் போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான் பார்த்த சறுக்கல்களில் பெரும்பாலானவை கை வராததால் வந்தவை அல்ல. ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை முதலாவதாகச் செய்ததால் வந்தவை.

1. பென்சிலை எடுக்குமுன் விலங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்ட்வார்க் எறும்பும் கறையானும் தின்னும் ஆப்பிரிக்க விலங்கு என்று சொன்னதும் நம் பிள்ளைகள் அழுங்கை வரைந்துவிடுகிறார்கள். அது நம் ஊர்க் காட்டு விலங்கு, உடம்பெல்லாம் செதில், பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். ஆர்ட்வார்க்குக்குச் செதில் கிடையாது. அரிதான மயிர், தடித்த தோல், மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். எந்த மண்ணில் புரள்கிறதோ அந்த மண்ணின் நிறம் உடம்பில் ஏறியிருக்கும்.

பெயருக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘மண்பன்றி’ என்று பொருள். ஆனால் பன்றி இனமும் அல்ல. பன்றியைப் போல வரைந்தால் பக்கத்தில் வரப்போகும் காட்டுப்பன்றியோடு குழம்பிப்போகும்.

வரையும்போது விடக்கூடாதவை இவை: கூன் போட்டது போல உயர்ந்த முதுகு, குழாய் போல நீண்ட முகம், அதன் நுனியில் மூக்கு, முயலுக்கு இருப்பது போன்ற நீண்ட காதுகள், அடியில் தடித்து நுனிக்குப் போகப்போக ஒடுங்கும் வால். முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் ஐந்து. ஒவ்வொன்றின் நுனியிலும் மண்வெட்டி போல நகம். நாக்கு 30 சென்ரிமீற்றர் வரை நீளும், ஆனால் கறையான் தின்னும்போதுதான் வெளியே வரும். எப்போதும் நாக்கைத் தொங்கவிட்டால் நாய் ஆகிவிடும்.

இவ்வளவையும் முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், எந்தெந்த உறுப்பு அசையும் என்று தெரியாமல் பாவையை வெட்ட முடியாது. வெட்டிய பிறகு காது தனியாக அசைய வேண்டும் என்று நினைவுக்கு வந்தால் பாவை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

2. சிடுசிடுப்புக்குக் காரணம் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நேராக வந்து சாய்ந்த புருவம் இரண்டு, தொங்கிய வாய் ஒன்று வரைந்து ‘கோபக்காரத் தாத்தா ரெடி’ என்கிறார்கள். ஆர்ட்வார்க்குக்குப் புருவமே கிடையாது. வாயோ நீண்ட முகத்துக்கு அடியில் ஒரு சிறு கீறல். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணில் படாது.

முகத்தில் சிடுசிடுப்பைக் காட்ட வழியில்லாத விலங்கு அது. எனவே காரணத்தில் காட்ட வேண்டும். அதன் வாழ்க்கையிலேயே காரணம் தாராளமாக இருக்கிறது. அது இரவில் இரை தேடும், பகலில் வளைக்குள் உறங்கும், பெரும்பாலும் தனியாகவே வாழும். சுற்றியுள்ள வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் பகலில் நடமாடுபவை. அதாவது தாத்தா கண் மூடும் நேரத்தில்தான் ஊர் விழிக்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அது பாடுபட்டுத் தோண்டும் வளைகளில் மற்றவர்கள் குடியேறிவிடுகிறார்கள். முள்ளம்பன்றி, கழுதைப்புலி, வார்ட்ஹாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி, எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுத்தவர் இவர்தான். வாடகையும் இல்லை, நன்றியும் இல்லை. இதற்கு மேல் ஒரு கிழவர் சிடுசிடுக்க வேறென்ன வேண்டும்?

ஒரு தாளில் ‘தாத்தா சிடுசிடுக்கிறார், ஏனென்றால்…’ என்று எழுதி வாக்கியத்தை முடியுங்கள். முடிக்க முடியாவிட்டால் மூன்றாம் படிக்குப் போகாதீர்கள். ‘ஏனென்றால் அவர் அப்படித்தான்’ என்பது காரணம் அல்ல.

3. கதையை வினாடிகளில் எழுதுங்கள்

எங்கள் பிள்ளைகள் அவருக்குப் ‘புற்றுத் தாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கதையையே மாதிரிக்கு எடுத்துக்கொள்கிறேன். விடிகிற நேரம். இரவு முழுவதும் இரை தேடிக் களைத்த தாத்தா வளைக்குத் திரும்புகிறார். உள்ளே வார்ட்ஹாக் குடும்பம். நின்று பார்க்கிறார், நாலு வார்த்தை சொல்கிறார், பெருமூச்சு விடுகிறார், பக்கத்தில் புது வளை தோண்டுகிறார். தோண்டி முடித்ததும் வார்ட்ஹாக் குட்டி ஒன்று ஓடி வந்து அதற்குள் புகுந்துகொள்கிறது.

இதை வினாடிகளாகப் பிரியுங்கள். நடந்து வருவது 10, நின்று பார்ப்பது 3, பேச்சு 14, பெருமூச்சு 3, தோண்டுவது 10, குட்டி புகுவது 5. மொத்தம் 45.

வினாடிக்கு 12 படம் எடுக்கப் போகிறோம். சினிமாவில் வினாடிக்கு 24 படம் ஓடும், ஆனால் கடதாசிப் பாவைக்கு 12 தாராளம். 45ஐ 12ஆல் பெருக்கினால் 540 படம். பழகாத கைக்கு மணிக்கு 60 படம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணி நேர வேலை. இந்தக் கணக்கைப் போடாதவர்கள் மூன்று நிமிடக் கதையோடு வந்து முதல் நாள் மாலையே காணாமல் போகிறார்கள்.

4. குரலை முதலில் பதிவு செய்யுங்கள்

படம் எடுத்த பிறகு குரல் கொடுக்கலாம் என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் வரிசை. தவறான வரிசையும் அதுதான். ஒரு சொல்லுக்கு எத்தனை படம் என்பதைக் குரல்தான் சொல்லும். படம் முந்திக்கொண்டால் பேச்சை அதற்குள் திணிக்க வேண்டி வரும்; கிழவர் கிரிக்கெட் வர்ணனையாளர் போலப் பேசுவார்.

எங்கள் படத்தில் பேச்சு இவ்வளவுதான்:

“இது யார் தோண்டிய வளை?”
“உள்ளே யாரும் இல்லையே, தாத்தா. அதனால்தான் வந்தோம்.”
“அப்படியென்றால் நான் யார்?”
“நீங்கள் வெளியே இருந்தீர்கள், தாத்தா.”

குரல் கொடுக்கும் பிள்ளைகள் கிழவர் என்றதும் குரலை நடுக்குவார்கள். நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு சிறுவன் நடுக்கமே இல்லாமல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூக்கால் மூச்சு விட்டுவிட்டுப் பேசினான். எங்கே பழகினாய் என்று கேட்டேன். “செய்தி ஓடும்போது யாராவது வானொலியை நிறுத்தினால் அம்மப்பா இப்படித்தான் பேசுவார்” என்றான். அந்த மூச்சுதான் பாத்திரம்.

பதிவுக்கு மெத்தை, தலையணை உள்ள சிறிய அறை நல்லது. வெறும் சுவர் உள்ள அறையில் எதிரொலி வரும். பதிவு செய்ததைக் கேட்டு, ஒவ்வொரு வரியும் எந்த வினாடியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி, 12ஆல் பெருக்கிப் பட எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். ‘இது யார் தோண்டிய வளை’ எங்களுக்கு இரண்டு வினாடி, ஆகவே 24 படம். இந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். படம் எடுக்கும் நாட்களில் உங்களுக்கு எசமான் அதுதான்.

5. பொருள்கள்

பிரிஸ்டல் போர்ட் இரண்டு தாள், கறுப்பு நூல், பெரிய ஊசி, செலோடேப், சிறிய கத்தரிக்கோல், நகம் வெட்டும் கத்தரியைப் போல வளைந்த இன்னொன்று கிடைத்தால் நல்லது. ஏ3 அளவில் பின்னணிக் கடதாசி. பழைய படச்சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடி ஒன்று. ஓரங்களில் டேப் ஒட்டி வையுங்கள், கை கிழியும். நடுவில் துளை உள்ள பிளாஸ்டிக் முக்காலி. ஒரே மாதிரியான எல்.இ.டி மின்குமிழ் இரண்டு. நன்றாகக் காயவைத்த தேயிலைச் சக்கை ஒரு பிடி. இது எதற்கு என்பது பதினோராம் படியில்.

கைபேசியில் ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற ஒரு செயலி. எதுவாக இருந்தாலும், முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் வசதி அதில் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாமல் பாவையை எவ்வளவு நகர்த்தினோம் என்பது தெரியாது.

6. தாத்தாவை வெட்டி மூட்டுங்கள்

மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 15 சென்ரிமீற்றர் போதும். பெரிதாகச் செய்தால் நடக்க இடம் இருக்காது. சிறிதாகச் செய்தால் விரலுக்கு அகப்படாது.

துண்டுகள்: உடல், தலை, இரண்டு காதுகள், நான்கு கால்கள், வால். மூக்கு நுனியைத் தனியாக ஒரு சிறு துண்டாக வெட்டுங்கள். தாத்தா பேசும்போது வாய் அசையாது, மூக்கு நுனிதான் துடிக்கும். வாயசைப்பு வரைகிற பெரிய வேலை இந்த விலங்கின் புண்ணியத்தால் நமக்கு மிச்சம்.

ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஒரு சென்ரிமீற்றராவது படிய வேண்டும். விளிம்போடு விளிம்பு வைத்து மூட்டினால் கால் திரும்பும்போது இடைவெளி தெரியும்.

மூட்டுவதற்குப் புதியவர்கள் குண்டூசியையோ கடையில் விற்கும் பித்தளைப் பின்னையோ எடுக்கிறார்கள். பின்னின் தலை வெளிச்சத்தில் மின்னும், பின்புறம் தடித்திருப்பதால் பாவை கண்ணாடியில் படியாது. நூல்தான் சரி. நூலின் நுனியில் பருத்த முடிச்சுப் போட்டு, மேல் துண்டிலிருந்து கீழ்த் துண்டுக்கு ஊசியை இறக்கி, பின்புறம் நூலை இழுத்து மடித்து டேப்பால் ஒட்டுங்கள். முடிச்சுக்கு நிறம் பூசிவிட்டால் மறைந்துவிடும்.

இறுக்கம் எவ்வளவு? பாவையை ஒரு காலைப் பிடித்துத் தூக்குங்கள். மற்றக் கால்கள் தொளதொளவென்று ஆடினால் தளர்வு. விரலால் திருப்பும்போது உடலும் சேர்ந்து திரும்பினால் இறுக்கம். திருப்பிய இடத்திலேயே கால் நிற்க வேண்டும். காது மூட்டுக்குக் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் படம் முழுவதும் நடிக்கப்போவது அதுதான்.

வெட்டிய விளிம்பு வெள்ளையாகத் தெரியும். பழுப்பு நிற மெழுகுப் பென்சிலால் விளிம்பைச் சுற்றித் தேய்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்யாத பாவை கடைசி வரை கடதாசியாகவே தெரியும்.

7. அயலவர்கள்

முதலில் பட்டியலைச் சரிபாருங்கள். ஆப்பிரிக்கப் புல்வெளியில் புலி இல்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் யாராவது ஒருவர் புலியைக் கொண்டுவருகிறார், அதைத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பாக இருக்கிறது. புள்ளிமானும் அங்கே இல்லை.

யானை வரைவதாக இருந்தால் கவனம். நம் பிள்ளைகளின் மனத்தில் இருப்பது நம் ஊர் யானை: சிறிய காது, மேடான முதுகு. ஆப்பிரிக்க யானைக்குக் காது மிகப் பெரியது, முதுகு நடுவில் சற்றுப் பள்ளம்.

ஒட்டகச்சிவிங்கியில் அளவுச் சிக்கல் வரும். தாத்தா தோளளவில் 60 சென்ரிமீற்றர் உயரம்தான். ஒட்டகச்சிவிங்கி ஐந்து மீற்றர். நம் பாவையின் அளவில் கணக்குப் போட்டால் அதற்கு 45 சென்ரிமீற்றர் வேண்டும். ஏ3 தாளின் உயரமோ 30தான். சிலர் அதைச் சுருக்கித் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஆடு போல நிறுத்துகிறார்கள். அதற்குப் பதிலாகக் கால்களை மட்டும் வெட்டுங்கள். நான்கு நெடுங்கால்கள் பின்னால் நடந்து போகட்டும், தாத்தா முழங்கால்களைப் பார்த்து முணுமுணுக்கட்டும். அளவும் சரி, சிரிப்பும் வரும்.

வார்ட்ஹாக்குக்கு முகமும் தந்தமும் மட்டும் போதும். வளர்ந்த வார்ட்ஹாக் வளைக்குள் பின்பக்கமாகவே நுழையும், தந்தம் வாசலை நோக்கி இருப்பதற்காக. ஆகவே வாசலில் தெரிவது முகம்தான். உண்மைக்கும் உண்மை, வேலையும் குறைவு. கடைசிக் காட்சியில் ஓடிவரும் குட்டிக்கு மட்டும் முழு உடல் வேண்டும்.

8. பின்னணி

வானம், தொடுவானம், முன்னிலம் என்று மூன்று பட்டை போதும். விடியற்காலை என்பதால் வானத்துக்கு ஊதாவும் இளஞ்சிவப்பும் பூசுங்கள். முன்னிலம் தாத்தாவைவிட வெளிறிய நிறமாக இருக்க வேண்டும். மண் நிறத் தாத்தாவை அதே மண் நிறத் தரையில் நிறுத்தினால் அவர் காணாமல் போய்விடுவார்.

மரத்துக்குக் குடை போல விரிந்த வேலமரம் ஒன்று. ஒருமுறை ஒரு சிறுமி பனைமரம் வரைந்துவிட்டாள், மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்திருக்கத் தேவையில்லை. நம் பனைக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனை அந்தப் புல்வெளிகளில் வளர்கிறது. நடுமரம் சற்றுப் பருத்திருக்கும், அதை மட்டும் திருத்திக்கொண்டாள்.

9. மேடையும் வெளிச்சமும்

மேசை வேண்டாம், ஒருவர் முழங்கை பட்டாலும் ஆடும். தரைதான் உறுதி. பின்னணித் தாளைத் தரையில் டேப்பால் ஒட்டுங்கள். அதற்கு மேல் முக்காலியை நிறுத்தி, கைபேசியை முக்காலியின் மேல் கவிழ்த்து வையுங்கள். கமெரா நடுத் துளைக்கு நேராக வர வேண்டும். முக்காலி 45 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் ஏ3 தாள் முழுவதும் அடங்கும். முக்காலியின் கால்கள் ஓரத்தில் தெரிந்தால் கமெராவில் படத்தைச் சற்றே பெரிதாக்கிக்கொள்ளுங்கள். முக்காலியின் கால் நிற்கும் இடங்களைத் தரையில் குறித்து வைப்பது அவசியம். யாராவது தட்டிவிடத்தான் போகிறார்கள்.

கண்ணாடி பாவைக்கு மேல் வரும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் தூக்கி வைக்க வேண்டும், அலுப்புத்தான். ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் காது நுனி மேலெழும்பும், நிழல் விழும், காற்றில் பாவை பறக்கும். மே மாதம் முதல் கச்சான் காற்று வீசும் நாட்களில் எங்கள் ஊரில் கண்ணாடி இல்லாமல் கடதாசிப் பாவையை வைத்து வேலை செய்ய நினைப்பதே வீண்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலை மூடி மறைக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேகம் ஒன்று கடந்தால் 20 படங்கள் இருண்டுவிடும், ஓட்டிப் பார்க்கும்போது படம் கண் சிமிட்டும். மூடிய அறையில் வெக்கை தாங்காது என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

மின்குமிழ்களை இடமும் வலமுமாக, தரையிலிருந்து சாய்வாக ஒளி விழும்படி வையுங்கள். மேலிருந்து நேராக விழுந்தால் கண்ணாடியில் பளபளக்கும்.

இனி, நாங்கள் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு பிழை. எல்லாம் சரியாக இருந்தும் படம் சில இடங்களில் வெளிறியது. செயலியைச் சந்தேகித்தோம், மின்குமிழை மாற்றினோம். பிறகுதான் ஒருவர் கவனித்தார்: வகுப்பு முடிந்து நேராக வந்த பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் இருந்தார்கள். அவர்கள் குனியும்போதெல்லாம் சட்டையில் பட்ட ஒளி பாவையின் மேல் திரும்பியது, கண்ணாடியில் வெள்ளை நிழலும் விழுந்தது. அன்றிலிருந்து பாவையை நகர்த்துபவர் கறுப்புச் சட்டை அணிவது விதி. முக்காலியின் அடிப்பக்கத்திலும் கறுப்பு அட்டை ஒட்டிவிட்டோம், கமெராவுக்கு மட்டும் துளை விட்டு.

10. கைபேசியைப் பூட்டுங்கள்

கைபேசி தானாகத் திருத்திக்கொள்ளும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்: குவியம் (போகஸ்), வெளிச்ச அளவு, வெண்மைச் சமநிலை (ஒளிக்கேற்ப நிறத்தைத் திருத்துவது). இவற்றைப் பூட்டாவிட்டால் பாவை நகரும் ஒவ்வொரு முறையும் கைபேசி புதிதாக யோசிக்கும்.

ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்குக் கமெரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, கையால் அமைக்க முடிந்தால் 1/50 அல்லது 1/25 வினாடி என்று வையுங்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. மலிவான மின்குமிழ் அதற்கேற்ப வினாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும்.

கைபேசியை அழைப்பு வராதபடி விமான நிலையில் (ஃபிளைட் மோட்) போடுங்கள். 300ஆவது படத்தில் பெரியம்மாவின் அழைப்பு வந்து கைபேசி அதிர்ந்து நகர்ந்த கதை எங்களிடம் உண்டு. திரையைத் தொட்டுப் படம் எடுக்கவும் கூடாது, தொடும்போது கைபேசி இம்மியளவு அசையும். கம்பியுள்ள இயர்போனைச் சொருகி, ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் பல செயலிகளில் படம் எடுபடும்.

11. எடுக்கத் தொடங்குங்கள்

நடை

நான்கு கால் விலங்கின் நடையை ஊகித்துச் செய்தால் நாற்காலி நடப்பது போல இருக்கும். எங்கள் பிள்ளைகளை முதல் நாள் பிரெடரிக் கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்கள் அருகில் மேயும். அவை ஆறுதலாக நடக்கும்போது பாருங்கள்: இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால். பெரும்பாலான நான்கு கால் விலங்குகளின் நடை இந்த வரிசைதான், தாத்தாவுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். ஒட்டகச்சிவிங்கி ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் ஏறக்குறைய ஒன்றாகவே எடுத்து வைக்கும். பின்னால் போகும் நெடுங்கால்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

பத்து வினாடிக்கு 120 படம். அத்தனையிலும் நடக்க விடாதீர்கள். 80 படத்தில் நடக்கட்டும், படத்துக்கு மூன்றரை மில்லிமீற்றர். மீதி 40ல் நின்று நிலத்தை முகரட்டும். ஆர்ட்வார்க் மூக்கை நிலத்தோடு வைத்து அங்குமிங்கும் முகர்ந்துகொண்டே போகும் விலங்கு. ஒரே வேகத்தில் வருவது பஸ், கிழவர் அல்ல.

காத்திருப்பு

படத்தின் உயிர் இந்த மூன்று வினாடிகள். வளைக்குள் வார்ட்ஹாக் முகம் தெரிகிறது. புதியவர்கள் உடனே தாத்தாவைத் துள்ள வைக்கிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், முன்காலால் நிலத்தை அறைகிறார்கள். அது கோபம். சிடுசிடுப்பு வேறு. கோபக்காரர் உடனே பாய்வார்; சிடுசிடுப்பவர் முதலில் ஒன்றுமே செய்யமாட்டார். திண்ணையில் இருக்கும் பெரியவரின் சாய்மனைக் கதிரையில் யாராவது உட்கார்ந்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். வந்து நிற்பார். பார்ப்பார். அவ்வளவுதான்; கதிரையில் இருப்பவர் தானாக எழுந்துவிடுவார்.

36 படங்களை இப்படிப் பிரியுங்கள். முதல் 12ல் எதுவும் அசையாது. அடுத்த 8ல் இடது காது மட்டும் மெல்லப் பின்னால் சாய்கிறது. 8 படம் மறுபடி அசைவில்லை. பிறகு 4 படத்தில் வலது காது. கடைசி 4ல் மூக்கு நுனி ஒருமுறை துடிக்கிறது. இரண்டு காதையும் ஒன்றாகச் சாய்க்க வேண்டாம். ஒன்றாகச் சாய்ந்தால் பயம் போலத் தெரிகிறது, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தால் ‘இது வேறா’ என்பது போலத் தெரிகிறது. ஏன் அப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது. பலமுறை எடுத்துப் பார்த்துக் கண்டது.

அசைவில்லாத 12 படத்துக்கு ஒரே படத்தை 12 முறை நகலெடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒவ்வொன்றையும் புதிதாக எடுங்கள். நகலெடுத்தால் படம் உறைந்து நின்றுவிட்டது போலத் தோன்றும். புதிதாக எடுத்தால் கண்ணாடியைத் தூக்கி வைப்பதில் வரும் மிகச் சிறிய நடுக்கம் மூச்சு விடுவது போல இருக்கும்.

பேச்சு

சுவரில் ஒட்டிய தாளைப் பாருங்கள். தாத்தாவின் வரிகளுக்கு மூக்கு நுனி இரண்டு படத்துக்கு ஒருமுறை சற்று அசையட்டும், தலை அசைய வேண்டாம். ‘அப்படியென்றால் நான் யார்’ என்ற வரிக்கு மட்டும் தலை ஒரு சென்ரிமீற்றர் உயரட்டும்.

தோண்டுதல்

இங்கேதான் தேயிலைச் சக்கை. எங்கள் ஊரில் கடற்கரை மணலுக்குப் பஞ்சமில்லை, ஆகவே எல்லோரும் மணலைத்தான் அள்ளி வருகிறார்கள். மணல் கண்ணாடியைக் கீறும், பாவைக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கும், வெளிச்சத்தில் மின்னும். காய்ந்த தேயிலைச் சக்கை மங்கலாக இருக்கும், நசுங்கிப் படியும், கிளறிய மண் போலவே தெரியும்.

முன்கால் இரண்டு படத்தில் கீழே, இரண்டு படத்தில் பின்னால். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சிட்டிகை சக்கையை உடலுக்குப் பின்னால் சேருங்கள். உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் மறைய வேண்டும்: முன்னிலத்தில் ஒரு பிளவு வெட்டி, பாவையைத் தலைப்பக்கமாக அதற்குள் செருகிக்கொண்டே போங்கள். ஆர்ட்வார்க் அசுர வேகத்தில் தோண்டும் விலங்கு. மெல்ல நடந்த கிழவர் தோண்டத் தொடங்கியதும் வேகமெடுத்தால்தான் அவர் ஏன் இந்த ஊருக்கே வீடு கட்டிக் கொடுத்தவர் என்பது புரியும். வால் கடைசியாக மறையட்டும்.

12. இடையில் நின்றுபோனால்

மின்சாரம் தடைப்படும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். ஆகவே 30 படத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் எதையும் தொடாதீர்கள், கண்ணாடியையும் தூக்காதீர்கள். மின்சாரம் வந்த பின் ஒரு சோதனைப் படம் எடுத்து, முந்தைய மங்கல் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துத் தொடருங்கள்.

நாள் முடிவில் காட்சியின் நடுவே நிறுத்துவதைவிட, ஒரு காட்சியை முடித்துவிட்டு நிறுத்துவது நல்லது. இரவில் பல்லி, பூனை, விருந்தினர் என்று யாராவது வந்து போவார்கள்.

13. தொகுத்தல்

குரலை வைத்துப் பார்க்கும்போது ஓரிரு இடங்களில் பொருந்தாது. பேச்சை வெட்டாமல் படங்களைக் கூட்டிக் குறையுங்கள். பின்னணி இசை வேண்டாம் என்பது என் கட்சி. காத்திருப்பு வினாடிகளை இசை நிரப்பிவிடும். கால் சத்தத்துக்கு அரிசிப் பையைத் தட்டினால் போதும், தோண்டும் சத்தத்துக்குத் தும்புத்தடியைச் சீமெந்துத் தரையில் தேய்க்கலாம்.

வினாடிக்கு 12 படம் என்ற அமைப்பிலேயே சேமியுங்கள். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது காணொளியாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் சுருங்கிப்போகும்.

வெளியே காட்டுவதற்கு முன் ஒலியை நிறுத்திவிட்டு, கதை தெரியாத ஒரு சிறு பிள்ளைக்கு ஓட்டிக் காட்டுங்கள். “தாத்தாவின் வீட்டில் பன்றி இருக்கிறது” என்று பிள்ளை சொன்னால் படம் சரி. “தாத்தா ஏன் நிற்கிறார்?” என்று கேட்டால் காத்திருப்புக்கு முந்திய காட்சியில் வார்ட்ஹாக்கின் முகம் தெளிவாகத் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள்.

14. பாவைகளைப் பத்திரப்படுத்துதல்

பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி வையுங்கள். மா காய்ச்சிய பசையால் எதையும் ஒட்டியிருந்தால் கட்டாயம் தகரம்தான். எங்கள் முதல் புற்றுத் தாத்தாவைக் கடித உறையில் போட்டு மர அலமாரியில் வைத்திருந்தோம். அடுத்த விடுமுறைக்கு எடுத்தபோது ஒரு காதும் வாலும்தான் மிஞ்சியிருந்தன. மீதியைக் கறையான் தின்றிருந்தது.